பூவுக்குள் ஒரு கண்: லிஸ்பனின் ஓட்டுச் சுவர்கள்

ஒரு சுவரை முதலில் தள்ளி நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீலம், வெள்ளை, கொடி, இலை, பூ. போர்ச்சுக்கலில் தெருவுக்குத் தெரு இருக்கிற பழைய ஓட்டுச் சுவர் என்றுதான் தோன்றும். இப்போது கிட்டே போங்கள். பூவின் நடுவில் ஒரு கண் முழிக்கிறது. இலை என்று நினைத்தது பல்வரிசை. ஓரத்தில் சுவர் கிழிந்து, உள்ளே வேறொரு பூவேலை தெரிகிறது. அந்தக் கிழிசலும் வரைந்ததுதான்.

வரைந்தவர் டியோகோ மச்சாடோ. தெரு ஓவியராக அவர் பெயர் 'ஆட் ஃப்யூல்'. 1980-ல், லிஸ்பனுக்குப் பக்கத்துக் கடலோர ஊரான காஷ்காய்ஷில் பிறந்தவர். கிராஃபிக் டிசைன் படித்தவர். வீடியோ கேம், காமிக்ஸ், கார்ட்டூனில் ஊறிய அவர் 2008 வாக்கில் அசுலேஜோ பக்கம் திரும்பினார். சுவரில் பதிக்கும் மெருகு ஓட்டுக்குப் போர்ச்சுக்கீசியர் சொல்லும் பெயர் அது.

தாத்தா காலத்துக் கலையில் பூதங்களை வரையலாமா? இந்த ஓட்டின் கதையைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்பேன்.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் முதலாம் மானுவல், சின்ட்ரா அரண்மனைக்கு ஓடுகளை ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து வரவழைத்தார். முஸ்லிம் கைவினைஞர்களின் மரபில் வந்த வேலைப்பாடு அது. வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, இடையில் வரப்பு கட்டியாக வேண்டும். பிறகு இத்தாலியிலிருந்து புது முறை வந்தது. வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சின் மேல் தூரிகையால் நேரே தீட்டிச் சூளையில் சுட்டார்கள். வரப்பு தேவையில்லாமல் போனதும், ஓட்டில் எதையும் வரையலாம் என்றாகிவிட்டது. லிஸ்பனின் சான் ரோக்கே தேவாலயத்தில் 1584-ல் பிரான்சிஸ்கோ டி மாட்டோஸ் செய்த சுவர் அந்தச் சுதந்திரத்தின் ஆரம்ப கால அடையாளம். நீலமும் வெள்ளையும்கூட உள்ளூர்ச் சொத்து அல்ல. சீனப் பீங்கான் மோகமும் டச்சு ஓடுகளும் 17-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து சேர்த்தவை.

அந்த நூற்றாண்டின் ஓடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'கோழிக் கல்யாணம்'. 1660-களில் தீட்டியது, இன்று லிஸ்பன் ஓடு அருங்காட்சியகத்தின் சொத்து. ஒரு கோழி பெரிய மனுஷிபோல் சாரட்டில் போகிறது. சுற்றிலும் பரிவாரமாகக் குரங்குகள், அவற்றில் சில வாத்தியம் வாசிக்கின்றன. பிரபுக்களின் பகட்டை அன்றைய ஓவியர் ஓட்டிலேயே கேலி செய்துவிட்டார். மச்சாடோவின் பூதங்களுக்கு முன்னோர் வேண்டுமென்றால் இதோ, 350 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறார்கள்.

1755 நிலநடுக்கத்தில் லிஸ்பன் இடிந்து, அவசரமாக எழும்பியபோது எளிய, திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் பெருகின. 19-ஆம் நூற்றாண்டில் ஆலை ஓடுகள் வீட்டு முகப்பை மூடின. 1959-ல் திறந்த லிஸ்பன் மெட்ரோவுக்கு மரியா கெயில் அதே ஓட்டில் நவீன வடிவங்களைக் கொண்டுவந்தார்.

மச்சாடோ இதில் எதை எடுத்துக்கொண்டார்? கண்ணையும் பல்லையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஓரங்களை. மரபான வடிவங்களில் பல, நான்கு ஓடுகள் கூடினால்தான் முழுமையாகும். சிக்குக் கோலத்தில் ஒரு வளைவு தப்பினால் மொத்தமும் தப்புகிற மாதிரி, இங்கே ஒரு விளிம்பு பிசகினால் சுவரே பிசகிவிடும். அவர் ஓட்டில் தீட்டிச் சுடுவதும் உண்டு, ஸ்டென்சில் வெட்டிச் சுவரில் ஸ்ப்ரே அடிப்பதும் உண்டு. இரண்டிலும் அந்தக் கணக்கை விட்டுக்கொடுப்பதில்லை. பூதத்தின் வால் ஒரு சதுரத்தில் முடியும் இடத்தில், அடுத்த சதுரத்தின் கொடி சரியாகத் தொடங்குகிறது.