குருதியில் எழுதப்பட்டிருப்பது யாது?

(பத்தமடையில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை வளர்த்துவரும் இவ்வவையில், தமிழ் கற்பிக்கும் ஒருத்தி உயிரியல் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் ஒரு சொற்றொடரே. சென்ற ஆண்டு இவ்வூர்ப் பாய் நெசவைப் பற்றி இங்கே ஒரு கவிதை படிக்கப்பெற்றது. நெசவு இம்மக்களின் குருதியிலேயே ஊறியது என்று அக்கவிதை முடிந்தது. அனைவரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அத்தொடர் இரண்டு இடங்களில் உண்டு.

அன்று மாலையே, கல்யாணப் பாய் நெய்யும் மூதாட்டி ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய பேத்தி எங்கள் கல்லூரியில் விலங்கியல் பயில்பவள். தமிழ் வகுப்பில் என் மாணவி. கவிதையைப் பற்றிச் சொன்னேன். அம்மூதாட்டி கோரையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "ரத்தத்துலயா இருக்கு, டீச்சர்? பத்து வயசுல எங்கம்மா பக்கத்துல உக்கார வச்சா. நான் நெய்த பாய ஒருத்தர் விலைக்குக் கேக்க அஞ்சு வருசம் ஆச்சு. ரத்தத்துல இருந்தா இந்தப் பிள்ளை ஏன் கோரையத் தொட மாட்டேங்கா?" பேத்தி தலைகவிழ்ந்து புன்னகைத்தாள். என்னிடம் விடையில்லை. அவளிடமே பாடநூலை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப்பின் பயனே இவ்வுரை.

குருதியிலிருந்தே தொடங்குவோம். குருதிக்குச் செம்மை தருவது சிவப்பணு. அது எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கருவுடன்தான் இருக்கின்றது. ஹீமோகுளோபின் என்னும் புரதத்தைத் தன்னுள் நிறைத்துக்கொண்டபின், அவ்வுட்கருவை வெளியே தள்ளிவிடுகின்றது. ஏறத்தாழ 120 நாள் நம் உடலில் உலவும் முதிர்ந்த சிவப்பணுவில் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் இல்லை. வெள்ளணுக்களில் உண்டு, நாம் பாடுகின்ற செங்குருதியின் அணுவிலோ எழுத்தென்று ஒன்றுமில்லை.

எனில், பிற செல்களில் எழுதப்பட்டிருப்பது யாது? டி.என்.ஏ.வின் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. அவற்றின் வரிசையில் ஒரு பகுதி, எந்த அமினோ அமிலத்திற்கு அடுத்து எந்த அமினோ அமிலம் கோக்கப்பட வேண்டும் என்பதைக் கூறுகின்றது. அவ்வாறு கோக்கப்பட்ட சரமே புரதம். ஏனைய பகுதிகளிற் சில, எப்பகுதி எப்போது படிக்கப்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்துகின்றன. கண்ணின் செல்லிலும் ஈரலின் செல்லிலும் இருப்பது ஒரே ஏடு. ஆனால் திறக்கப்படும் பக்கங்கள் வேறு.

இது நிகழும் முறையை அம்மூதாட்டியின் தறியருகிலேயே கண்டேன். கல்யாணப் பாயில் மணமக்களின் பெயர்களை எழுத்தெழுத்தாக நெய்வதை அனைவரும் அறிவீர்கள். திருமண அழைப்பிதழ் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் பேத்தி வரைந்துகொடுத்த படி மட்டுமே தறிக்கு வந்திருந்தது. செல்லிலும் மூல ஏடு உட்கருவை விட்டு அகல்வதில்லை. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு வெளியே செல்கின்றது. அதற்குத் 'தூது ஆர்.என்.ஏ.' என்று பாடநூலார் பெயரிட்டுள்ளனர். தூது இலக்கியம் படைத்த மொழிக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிட்டுமா?

தூது சென்றடையும் தறியே ரைபோசோம். அது தூதின் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கின்றது. நான்கு எழுத்துகளால் அமையும் மூவெழுத்துச் சொற்கள் 64. அவற்றுள் 61 சொற்கள் இருபது அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அமிலத்தைக் 'கடத்து ஆர்.என்.ஏ.' என்னும் சிறு மூலக்கூறு ஏந்தி வருகின்றது. அதன் ஒரு பகுதி சொல்லை இனங்காண்கின்றது; ஒரு முனை அமிலத்தைத் தாங்குகின்றது. நிறமேற்றிய கோரையை முறைப்படி எடுத்துக்கொடுக்கும் கையைப் போன்றது அது.

அம்மூதாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. "இந்தக் கட்டத்துல சிவப்பு, அடுத்ததுல வெறுங்கோரை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். ஆயினும் பெயர் பிழையின்றி விழுந்தது. ரைபோசோமும் தான் படிப்பதன் பொருளை அறியாது. ஆனால் மூதாட்டி, பாய் யாருக்கு என்று கேட்டறிந்து, மணமக்களை வாழ்த்திக்கொண்டே நெய்தார். உவமை அவ்விடத்தில் நின்றுவிடுகின்றது.

இம்மூவெழுத்துச் சொற்களின் பொருளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் இராய்ப்பூர்ச் சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. அவருக்கு 1968இல் நோபல் பரிசு கிட்டியது. ரைபோசோமின் நுண்கட்டமைப்பைக் கண்டுகாட்டியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும் ஒருவர்.

இனி, ஓரெழுத்தின் ஆற்றலைக் காண்போம். ஹீமோகுளோபினின் பீட்டாச் சரத்தில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாவது இடத்திற்குரிய சொல் 'ஜி ஏ ஜி'. அதன் நடுவெழுத்து மாறி 'ஜி டி ஜி' ஆனால், குளூட்டாமிக் அமிலம் அமர வேண்டிய இடத்தில் வாலின் அமர்கின்றது. இம்மாற்றத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்குச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, தாங்கொணா வலி தருகின்றன. நம் நாட்டில் இக்குறை முதன்முதலில் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே 1952இல் பதிவாயிற்று. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ, அதே மாற்றம் கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளிக்கின்றது. பிழையென்பதா, பாடபேதமென்பதா? சுவடி பதிப்பிப்போர் தயங்கும் இடம் இங்கும் உண்டு.

சொல் மட்டுமே பொருளாகிவிடுவதில்லை. கோத்த சரம் மடிந்து உரிய வடிவம் பெற்றால்தான் புரதம் பணிபுரியும். எவ்வெக்கோணங்களில் அச்சரம் திரும்ப இயலும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.இராமச்சந்திரன், சி.இராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோர் 1963இல் வரைந்துகாட்டினர். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் இன்றும் அதனை வழங்குகின்றது. அதற்கு முன்பே, 1954இல், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாஜன் என்னும் புரதம் மூன்று சரங்களால் அமைந்த புரி என்று இராமச்சந்திரன் கூறியிருந்தார். தோலுக்கும் தசைநாண்களுக்கும் உறுதி தருவது அப்புரியே.

அவையீரே, இப்போது விடைக்கு வருகின்றேன். மூதாட்டியின் விரலில் உள்ள தசைநாணின் கொலாஜன் அவருடைய மரபணுவில் எழுதப்பட்டிருக்கின்றது. கண்ணுக்கும் கைக்கும் வேண்டிய புரதங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கோரையை எத்தனை நாள் நீரில் ஊறவைப்பது, எவ்வளவு மென்மையாகக் கிழிப்பது, பாவு நூலிடையே எவ்வளவு இறுக்கித் தள்ளுவது என்பன எவ்விடத்திலும் எழுதப்படவில்லை. அவை ஒரு தாய் ஒரு மகளின் கைமேல் கைவைத்துக் கற்பித்தவை. ஒரு தலைமுறை கற்பிக்காவிடின் அவை அழியும்.

"கவிதைக்கு உவமையுரிமை இல்லையா?" என்று நண்பர்கள் வினவலாம். உண்டு. ஆயினும் இவ்வுவமைக்கு யார் விலைகொடுக்கின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குருதியில் ஊறியதென்றால், கற்ற ஆண்டுகளுக்கு மதிப்பில்லை. பிறப்பிலேயே வந்ததற்குக் கூலி எதற்கு என்று வாங்குவோர் எண்ணுவர். விலங்கியல் பயிலும் பேத்தி தன் குருதிக்கே இரண்டகம் செய்தவளாவாள். இன்ன குலத்திற்கு இன்ன தொழில் என்று நெடுங்காலம் சொல்லிவந்தவர்களும் இதே தொடரைத்தான் கையாண்டார்கள். நாம் புகழாகச் சொன்னது, அவர்கள் தளையாகச் சொன்னதே.

என் ஆய்வேடு நூலாக வெளிவருமாயின், அவ்விரு இடங்களிலும் அத்தொடரை நீக்கிவிட்டு, 'பத்து வயதில் தாயின் அருகே அமர்ந்து ஐந்தாண்டுகள் கற்றது' என்று எழுதுவேன். ஓசை குறையலாம், உண்மை குறையாது. வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் எழுதவிருக்கும் கவிஞர்களிடம் நான் வேண்டுவதும் அதுவே.