நாணயத்திலும் நாணயம் வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். நேர்மையாளரை நாணயமானவர் என்று புகழ்கிறோம். மதிப்பிழந்தவரைச் செல்லாக் காசு என்கிறோம். காசும் மனிதனும் நம்பிக்கையின் பேரில்தான் உலகில் நடமாடுகின்றனர். அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் கள்ள நாணயத்தைப் பற்றியும், காசின் புழக்கம் குறைந்துவரும் இந்நாளில் அதே கள்ளம் வேறு உருவில் வருவதைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறோம்.

ஒரு வெள்ளி நாணயத்தின் கதை

1989ஆம் ஆண்டில் நம் நாட்டின் புதிய நாணய வரிசை வெளிவந்தபோது, பொன்னிறமான ஒரு வெள்ளி நாணயமும் அதில் இடம்பெற்றது. ஒரு பக்கத்தில் செம்பருத்தி மலர்; மறுபக்கத்தில் கிரிஸ் என்னும் மலாய்க் குறுவாள். உங்களுள் நடுவயதினர்க்கு அது நன்கு நினைவிருக்கும்.

காலப்போக்கில் அதனைப் போன்ற கள்ள நாணயங்கள் புழக்கத்தில் கலந்தன. 5 காசைக் கள்ளமாக அடிப்பதால் எவனுக்கும் ஆதாயமில்லை. ஆனால் ஒரு வெள்ளி நாணயத்தில், உலோகத்தின் விலைக்கும் அதன் முகமதிப்புக்கும் இடையே கள்ளனுக்கு இலாபம் இருந்தது. மேலும், பெரிய நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நாம், சில்லறையை எண்ணிப் பார்ப்போமேயன்றி உற்றுப் பார்ப்பதில்லை. இறுதியில் பேங்க் நெகாரா அந்நாணயத்தையே திரும்பப் பெற்றது. 2005 டிசம்பர் 7 முதல் அது சட்டப்படி செல்லாததாயிற்று. ஒரு வெள்ளி நோட்டு மட்டுமே நிலைத்தது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் வட்டமான ஒரு பவுண்டு நாணயத்தில் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று கள்ளமானது எனக் கண்டறியப்பட்டது. ஆகவே 2017 மார்ச்சு மாதத்தில் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட புதிய நாணயம் வெளியிடப்பட்டது; அவ்வாண்டு அக்டோபரில் பழைய வட்ட நாணயம் செல்லாததாயிற்று.

இழப்பு யாருக்கு?

2005ஆம் ஆண்டின் இறுதியில் நாம் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணியில் இருந்தோம். ஒரு வெள்ளி நாணயம் செல்லாமற்போகும் நாள் நெருங்கிய வேளையில், பால் வெட்டும் அம்மையார் ஒருவர் மைலோ டின் ஒன்றைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்தார். மகளின் படிப்புச் செலவுக்கென்று அதில் ஒரு வெள்ளி நாணயங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை மேசைமீது கொட்டி எண்ணியபோது, நான்கு நாணயங்கள் நிறம் மங்கி, எழுத்துத் தெளிவின்றி இருக்கக் கண்டோம்.

"பக்கத்து வீட்டுக்காரர், இந்த நாலையும் இரவுச் சந்தையில் தள்ளிவிடச் சொல்கிறார், வாத்தியாரையா. செய்யலாமா?" என்று அவர் கேட்டார். நாம் விடை கூறுமுன் அவரே, "சந்தையில் கீரை விற்கும் கிழவியும் என்னைப் போன்றவள்தானே" என்று சொல்லி, அந்நான்கையும் தனியே முடிந்துகொண்டார்.

மறுநாள் வங்கிக்கு உடன் சென்றோம். நல்லவை மாற்றப்பட்டன. நான்கும் கள்ளமென ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றுக் காசு கிடைக்கவில்லை. நான்கு வெள்ளி அவருக்குச் சிறு தொகையன்று. அதை அடித்தவனும் முதலில் கைமாற்றியவனும் ஆதாயம் பெற்றுப் போயினர். கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் இழந்தார். கள்ளப் பணத்தின் நியதி என்றும் இதுவே.

சட்டமும் அந்த அம்மையாரின் பக்கமே நிற்கிறது. தெரியாமல் கள்ள நாணயத்தை வாங்கியது குற்றமன்று. தெரிந்த பின்னர், நல்லதென்று காட்டிப் பிறரிடம் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். ஐயம் எழுந்தால், அதே மதிப்புள்ள நல்ல நாணயத்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். எடை, நிறம், விளிம்பின் வரிகள், எழுத்தின் கூர்மை ஆகியவற்றை நோக்குங்கள். நம் பாட்டிமார் சுண்டி ஓசை கேட்டதும் வீண் பழக்கமன்று. ஆனால், 2012ஆம் ஆண்டின் புதிய வரிசையில் 20 காசும் 50 காசும் பொன்னிறம் பெற்றன. பழைய வெண்ணிறக் காசுகளும் செல்லுபடியாகும். நிறம் வேறாயிருப்பதால் மட்டும் கள்ளமென எண்ணற்க. உண்மையிலேயே ஐயத்திற்குரிய நாணயத்தை வங்கியிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைப்பதே முறை.

உண்டியலில் சேர்ப்போர்க்கு மேலும் ஒரு செய்தி. 2020 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள நாணயச் சட்டப்படி, ஒரே கொடுக்கல் வாங்கலில் 25 நாணயங்களுக்கு மேற்பட்டால் கடைக்காரர் ஏற்க மறுக்கலாம். ஆதலால் சேர்ந்த சில்லறையை அவ்வப்போது வங்கியில் செலுத்திவிடுதல் நன்று.

கைப்பேசியில் வரும் கள்ளம்

இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. காலைப் பசியாறும் கடையிலும் கியூஆர் கட்டம் தொங்குகிறது. காசு குறைந்தால் கள்ளக் காசும் குறையும் என்பது மெய்யே. ஆனால் கள்ளன் வேலையை விட்டுவிடவில்லை, இடம் மாறியிருக்கிறான்.

பணம் செலுத்தாமலே, செலுத்தியதாகப் போலி இரசீதின் படத்தைக் காட்டிப் பொருளை வாங்கிச் செல்வோர் உள்ளனர். வீட்டில் பலகாரம் செய்து விற்கும் தாய்மார்களே, வாங்குபவர் காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். கடையின் கியூஆர் கட்டத்தின்மேல் தன் கட்டத்தை ஒட்டிவைப்பவனும் உண்டு. பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயர் அக்கடைக்குரியதுதானா என்று கேட்டறியுங்கள். படிக்க இயலாத பெரியவர்கள் பிள்ளைகளைக் கொண்டு படித்துப் பார்க்கலாம்.

வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பது, முழுச் சம்பளத்தையும் அவர் கையில் வைப்பதற்கு ஒப்பாகும். தொலைபேசியில் எவர் கேட்பினும், அதிகாரி என்றே கூறினும், இரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கோ 997 என்னும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணுக்கோ அழையுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க, காலம் கடத்தாமையே முதல் உதவி.

அன்பர்களே, காசு கையில் இருந்தாலும் கைப்பேசியில் இருந்தாலும் அது நீங்கள் பொழுது விடியுமுன் எழுந்து உழைத்துப் பெற்ற கூலி. வாங்கும்போது உற்றுப் பாருங்கள். கள்ளமெனத் தெரிந்ததை அடுத்தவர் கையில் தள்ளாதீர்கள். அந்த அம்மையார் வங்கியில் நான்கு வெள்ளியை இழந்தார். தம் நாணயத்தை இழக்கவில்லை.