உருட்டிப் போகும் மெஷினா, வேனில் ஏற்றிய மெஷினா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் தொழில் பயிற்சிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சோபா, மெத்தை, கார்பெட், கார் சீட் சுத்தம் செய்யும் தொழில் தொடங்க மெஷின் வேண்டும் என்று சில குழுக்கள் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கீங்க. நல்ல யோசனைதான். ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துப் பழகிய கைகள் நம்மிடம் நிறைய இருக்கு. அடுத்தவர் கான்ட்ராக்டில் கூலிக்குப் போவதைவிட, சொந்தமாக ஒரு மெஷின் வைத்துத் தொழில் செய்வது மேல்.

ஆனால் மெஷினில் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, சக்கரம் வைத்து வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போகும் போர்ட்டபிள் மெஷின். இன்னொண்ணு, வேனுக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்தி, வாசலில் வண்டியை நிறுத்தி, நீள ஹோஸ் இழுத்து வேலை செய்யும் பெரிய மெஷின். வாங்கின கடனை அடைத்து, குழுவுக்கு நாலு காசு மிஞ்ச வைப்பது எது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

மெஷின் செய்யும் வேலை

ரெண்டு மெஷினும் செய்வது ஒரே வேலைதான். சோப்பு கலந்த தண்ணீரைத் துணிக்குள் பீய்ச்சி அடிக்கும். அடுத்த நொடியே அந்தத் தண்ணீரை அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி, வேறொரு தொட்டியில் சேர்க்கும். இதை "ஸ்டீம் கிளீனிங்" என்று சொல்லி விற்கிறாங்க. பெரும்பாலும் அது ஆவி இல்லை, சூடான தண்ணீர்தான்.

ஆக, ஒரு மெஷினில் நாம் பார்க்க வேண்டியது மூணு விஷயம். தண்ணீர் எவ்வளவு சூடாக வருது, எவ்வளவு வேகமாகப் பீய்ச்சுது, எவ்வளவு பலமாக உறிஞ்சுது. இதில் மூணாவதுதான் ரொம்ப முக்கியம். பீய்ச்சுவதற்கு எந்த மெஷினும் பீய்ச்சிடும். உறிஞ்சாமல் விட்ட தண்ணீர் பஞ்சுக்குள்ளே தங்கிட்டா, நாத்தம் வரும், பூஞ்சை பிடிக்கும். அப்புறம் அந்த வீட்டு அம்மா நம்மை மறுபடி கூப்பிட மாட்டாங்க.

வேன் மெஷின் யாருக்காக வந்தது?

வேன் மெஷின் அமெரிக்காவில் 1970-களில் பரவிய சரக்கு. அங்கே வீடு முழுக்கச் சுவருக்குச் சுவர் கார்பெட் ஒட்டியிருக்கும். அதைக் கழற்றித் துவைக்க முடியாது. பெரும்பாலும் தனி வீடுகள். வாசல் வரை வண்டி போகும். ஒரு வீட்டுக்குப் போனால் நாலைந்து அறை வேலை கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 1,800 வாட்தான் எடுக்க முடியும். தண்ணீரைச் சூடாக்கவும் உறிஞ்சவும் அது போதாது. அதனால்தான் வண்டியில் இன்ஜினை வைத்தாங்க. இன்ஜின் பலத்தில் உறிஞ்சி, பல மெஷின்களில் அந்த இன்ஜின் சூட்டிலேயே தண்ணீரையும் காய்ச்சிக்கிறாங்க.

நம்ம ஊர் நிலைமை வேற. நம்ம கரண்ட் 230 வோல்ட். வீட்டில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் சுமார் 1,380 வாட் வரும். ஏசி, கீசருக்குப் போடும் பெரிய 16 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3,680 வாட் வரும். அமெரிக்கக்காரருக்குக் கிடைப்பதைப் போல ரெண்டு மடங்கு! ஆகவே அங்கே போர்ட்டபிளுக்குச் சொல்லும் குறை பாதி இங்கே பொருந்தாது.

நம்ம வீடுகளில் தரை மொசைக், டைல்ஸ், ரெட் ஆக்சைடு. கார்பெட் இருந்தாலும் ஹாலில் ஒரு விரிப்பு, அவ்வளவுதான். நமக்கு வேலை தரப் போவது சோபாவும் மெத்தையும். அதுவும் எங்கே? அபார்ட்மென்டில் மூணாவது மாடியில், நாலாவது மாடியில். கீழே வேனை நிறுத்தி மேலே வரைக்கும் ஹோஸ் இழுத்தால், ஹோஸ் நீள நீள உறிஞ்சும் பலம் குறைஞ்சுகிட்டே போகும். சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு வேனே போகாது. போர்ட்டபிள் ஆட்டோவில் ஏறும், லிப்டில் ஏறும்.

வேன் ஜெயிக்கும் இடம்

இதைச் சொல்வதால் வேன் மெஷின் மட்டம் என்று நினைச்சுடாதீங்க. காற்றை இழுக்கும் அளவில் போர்ட்டபிள் அதுக்குப் பக்கத்தில் வர முடியாது. பள்ளிவாசல், சர்ச், பெரிய அரங்கம் மாதிரி தரைத்தளத்தில் விரிந்து கிடக்கும் கார்பெட்டை ஒரே நாளில் முடிக்க அதுதான் சரி. கரண்ட் இல்லாத இடத்திலும் அதுதான் கை கொடுக்கும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம் வந்தபோது, கரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் தண்ணீரும் சேறும் நின்றதைப் பார்த்தோம். அந்த மாதிரி நேரத்தில் இன்ஜினில் ஓடும் மெஷின் பெரிய உதவி. (சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தையை எந்த மெஷினாலும் காப்பாற்ற வேண்டாம், தூக்கிப் போடுவதே நல்லது.)

ஆனால் பெரிய அரங்கமும் வெள்ளமும் மாதா மாதம் வருமா? தவணை மாதா மாதம் வரும்.

தவணைக் கணக்கு

வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக் கணக்கு. உங்க கொட்டேஷனில் இருக்கும் தொகையைப் போட்டு இதே மாதிரி பாருங்க.

போர்ட்டபிள் மெஷின், பிரஷ், ஹோஸ், சோப்பு எல்லாம் சேர்த்து 1 லட்சம் ரூபாய் என்று வைப்போம். வேனும் மெஷினும் சேர்த்து 12 லட்சம் என்று வைப்போம். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், 36 மாதத் தவணை.

1 லட்சத்துக்கு மாதத் தவணை 3,321 ரூபாய். 12 லட்சத்துக்கு 39,857 ரூபாய்.

ஒரு சோபா வேலையில் சோப்பு, ஆட்டோச் செலவு, போன ரெண்டு பேர் கூலி எல்லாம் போக 400 ரூபாய் மிஞ்சுது என்று வைப்போம். போர்ட்டபிள் தவணை கட்ட மாதம் 9 சோபா போதும். வேன் தவணை கட்ட மாதம் 100 சோபா வேணும். மாதம் 25 நாள் வேலை என்றால் தினம் 4 சோபா. அது தவணைக்கு மட்டும்தான். அதுக்கு மேலே டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், எப்.சி., டயர் எல்லாம் இருக்கு. வண்டியில் மெஷின் பொருத்தி மாற்றம் செய்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் பதியணும். மழை பெய்து ஒரு வாரம் வேலை இல்லை என்றாலும் பேங்க் காத்திருக்காது.

குழுக்கடனுக்கு 20 லட்சம் வரை பேங்க் ஜாமீன் கேட்பதில்லை. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு கடன் 50,000 வரை, கிஷோர் கடன் 5 லட்சம் வரை, தருண் கடன் 10 லட்சம் வரை இருக்கு. கடன் கிடைக்கிறது என்பதற்காக அகலக்கால் வைக்க வேண்டாம். ஒரு உறுப்பினர் தவணை விட்டால் குழு தாங்கும். குழுவே தவணை விட்டால், அடுத்து பிள்ளை படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் கடன் கேட்டு நிற்கும் சகோதரிக்குத்தான் அடி விழும். இதை மனசில் வைத்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்கணும்.

தீபாவளியும் ஈரக் காற்றும்

இந்தத் தொழிலில் வேலை குவிவது தீபாவளிக்கு முன்னால். ஆனால் ஐப்பசி என்றால் அடைமழை. காற்றே ஈரமாக இருக்கும்போது சோபா எப்படிக் காயும்? நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அந்த மாதங்களில் தண்ணீரைக் குறைத்துப் பீய்ச்சணும். ஒரு தடவை பீய்ச்சினால் ரெண்டு மூணு தடவை வெறுமனே உறிஞ்சணும். ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லணும். மெத்தை வேலையைப் பங்குனி, சித்திரைக்கு ஒதுக்கி வைத்தால் நமக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. கடையில் டெமோ கேளுங்க. நம்ம வீட்டு அழுக்கு சீட் ஒன்றையே எடுத்துப் போங்க. சுத்தம் செய்த பிறகு காய்ந்த வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்க. துணி சொத சொத என்று நனைந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

2. மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்க. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கணும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கும். 110, 120 வோல்ட் என்று இருந்தால் தொடாதீங்க.

3. எத்தனை கிலோ என்று பாருங்க. 40 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 40 கிலோ கூடும். லிப்ட் இல்லாத வீட்டில் காலித் தொட்டியோடு ரெண்டு பேர் தூக்கிப் போய், மேலே தண்ணீர் ஊற்றணும். இறங்கும்போதும் காலி செய்துவிட்டுத்தான் இறங்கணும். நம்ம இடுப்புக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

4. ஹோஸ், பம்ப், மோட்டாரின் கார்பன் பிரஷ் பக்கத்து டவுனில் கிடைக்குமா, சர்வீஸுக்கு ஆள் வருமா என்று விசாரியுங்க. தண்ணீர் சூடாக்கும் மெஷின் என்றால், உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் ஹீட்டரில் உப்புப் படியும். அதைச் சுத்தம் செய்யும் முறையைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

5. கம்பளிக்குக் காரமான சோப்பு ஆகாது. சாயம் போகும் துணியா என்று ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை வைக்கணும். பவானி ஜமுக்காளத்துக்கும் இதே விதிதான்.

உயிர் முக்கியம்

தண்ணீரும் கரண்டும் சேர்ந்து செய்யும் வேலை இது. எர்த் உள்ள மூணு பின் பிளக்கில்தான் மெஷினைச் சொருகணும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா என்று கேளுங்க. இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நாமே கொண்டு போகணும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீங்க. பிளீச்சிங் தண்ணீரையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீங்க, குளோரின் வாயு வந்து நெஞ்சை அடைக்கும். இன்ஜின் மெஷினையோ ஜெனரேட்டரையோ மூடிய கார் பார்க்கிங்கில் ஓட்டாதீங்க. அந்தப் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கு, ஆளைக் கொன்றுவிடும். அழுக்குத் தண்ணீரை டாய்லெட்டில் ஊற்றணும், மழைநீர்க் கால்வாயில் ஊற்றக் கூடாது.

எங்கள் யோசனை

முதலில் ஒரு போர்ட்டபிள் வாங்குங்க. குழுவில் நாலு பேர் நல்லாக் கற்றுக்கொள்ளுங்க. ஆட்டோவிலேயே போய் வாங்க. ஆறு மாதம் எத்தனை வேலை வந்தது, எத்தனை பேர் மறுபடி கூப்பிட்டாங்க, எவ்வளவு மிஞ்சியது என்று தனி நோட்டில் எழுதுங்க. வேலை நிரம்பி வழிஞ்சா, ரெண்டாவது போர்ட்டபிள் வாங்குங்க. ஒண்ணு ரிப்பேர் ஆனாலும் இன்னொண்ணு ஓடும். வேனில் இன்ஜின் நின்றால் மொத்தத் தொழிலும் நிற்கும். ஆம்னி பஸ் சீட், மண்டபக் கார்பெட் என்று பெரிய வேலை வந்தால் அன்றைக்கு மட்டும் ரெண்டு குழுவின் மெஷினைச் சேர்த்து, ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்துப் போய் வாருங்க. வேலை முடிந்ததும் வாடகையோடு அந்தச் செலவு தீர்ந்தது.

பள்ளிவாசலோ, பெரிய ஆபீஸோ, வருடாந்திர ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுத்து, அதில் வரும் பணமே வேன் தவணையைக் கட்டும் என்ற நிலை வரட்டும். அன்றைக்கு வேன் வாங்குவதைப் பற்றி இதே கூட்டத்தில் தீர்மானம் போடுவோம். அதுவும் ஒரு குழுவின் தலையில் வைக்காமல், நாலைந்து குழு சேர்ந்து கூட்டமைப்பின் பெயரில் வாங்குவோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு மெஷின் கேட்ட குழுக்கள் ரெண்டு கொட்டேஷனும், உங்க தெருவில் எத்தனை வீட்டில் துணி சோபா இருக்கு என்ற பட்டியலும் கொண்டு வாங்க. உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடுவோம்.