காதலும் மாத்திரையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது காதல் என்னும் விஷயம். இந்தச் சுயமரியாதைக்காரர்களுக்குச் சாமியையும் சாதியையும் விட்டால் வேறென்ன தெரியும் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் கடவுளுக்கு அடுத்தபடியாக நம் மக்கள் ஏமாறுவது காதல் விஷயத்தில்தான். மன்மதன் அம்பு விட்டான் என்பார்கள். முன்ஜென்மப் பந்தம் என்பார்கள். இரண்டும் பலிக்காவிட்டால் வசிய மை இருக்கவே இருக்கிறது.

அம்பு எங்கே தைக்கிறது என்று தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரன், லூசி பிரவுன் முதலிய ஆராய்ச்சிக்காரர்கள், காதல் வேகத்திலிருந்த 17 பேரைக் காந்தக் கருவிக்குள் படுக்கவைத்து, காதலிக்கப்பட்டவரின் படத்தையும், வெறும் பழக்கமுள்ள ஒருவரின் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, அதன் முடிவை 2005ல் வெளியிட்டார்கள். காதலிக்கப்பட்டவரின் படத்தைக் கண்டதும் நடுமூளையில் டோபமீன் என்னும் இரசாயனம் உண்டாகும் பகுதி அதிகமாக வேலை செய்தது. அது காதலுக்கென்று தனியாகப் படைத்து வைத்த இடமல்ல. பசித்தவனைச் சோற்றுக்கு ஓடச் செய்வதிலும், குடிகாரனைக் கடைக்கு இழுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

அதற்கு முன்பே 1999ல் இத்தாலி தேசத்துப் பைசா சர்வகலாசாலையைச் சேர்ந்த டொனாடெல்லா மராசிடி என்னும் அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புதிதாகக் காதல் கொண்டவர்கள் 20 பேர். கதவைப் பூட்டினோமா, கையைக் கழுவினோமா என்று ஒரே எண்ணம் ஓயாமல் அரிக்கும் வியாதிக்காரர்கள் 20 பேர். சாதாரண மனிதர்கள் 20 பேர். இவர்களுடைய இரத்தத்தில் செரோடோனின் என்னும் வஸ்துவை உள்ளே எடுத்துச் செல்லும் புரதத்தை அளந்தார்கள். காதலர்களுக்கும் வியாதிக்காரர்களுக்கும் அது ஒன்றுபோலவே குறைந்திருந்தது! ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் சென்றபின் காதலர்களில் சிலரை மறுபடி சோதித்தால், அளவு பழையபடி ஆகியிருந்தது. ஏழேழு ஜென்மத்துப் பந்தம் என்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும். ஆனால் இரத்தம் மூளையாகாது, 20 பேர் உலகமாகாது. ஆகையால் இதையும் வேதவாக்காகக் கொள்ளும்படி நாம் சொல்லவில்லை.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்தச் செரோடோனின் சம்பந்தமாகவே வேலை செய்யும் மருந்துகள் மனச்சோர்வுக்கும் ஓயாத பயத்துக்கும் கொடுக்கப்படுகின்றன. ஃபுளுவாக்செடின் என்பது 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் முதலியவை பின்னால் வந்தன. இவற்றால் படுக்கையை விட்டு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் சாப்பிடுகிறவர்களில் பலருக்குச் சிற்றின்ப இச்சை மங்குகிறது. சிலர், துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, எல்லாம் மரத்துப் போனது போலிருக்கிறது என்கிறார்கள்.

இதை அறியாத வீட்டில் என்ன நடக்கும்? புருஷன் முகங்கொடுத்துப் பேசவில்லை என்றால், எவளோ மருந்து வைத்துவிட்டாள் என்று மந்திரவாதிக்குப் பணம் போகும். பெண்டாட்டிக்கு ஆசை குறைந்தாலோ, மந்திரவாதிகூட வேண்டியதில்லை. கற்பின் பேரிலேயே சந்தேகம் வந்துவிடும்! மாத்திரைச் சீட்டு அலமாரியில் கிடக்க, அந்தப் பெண் அடிபடுவாள். ஆண்பிள்ளைக்கு வந்தால் செய்வினை, பெண்ணுக்கு வந்தால் நடத்தைக் கேடு என்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

அதற்காக மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லுகிறோமென்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. மனச்சோர்வு வியாதியே ஆசையைக் கொல்லக்கூடியது; ஆகவே மருந்தின் வேலை எது, வியாதியின் வேலை எது என்று வைத்தியர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரும், வியாதியும் திரும்பலாம். வெட்கப்படாமல் சொன்னால் அளவைக் குறைக்கலாம், அல்லது இச்சையை அவ்வளவாகக் கெடுக்காத புப்ரோபியான் போன்ற வேறு மருந்து பொருந்துமா என்று பார்க்கலாம். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இக்குறை நீடிக்கிறதென்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து நிர்வாகம் 2019ல் சொல்லிற்று. கேட்க நோயாளிக்கு வெட்கம், சொல்ல வைத்தியருக்கு நேரமில்லை.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. கைநடுக்க வியாதியாகிய பார்க்கின்சனுக்கு டோபமீனைப் போல் வேலை செய்யும் மருந்து கொடுத்தால், சிலருக்குச் சூதாட்ட வெறியும் காம வெறியும் கிளம்புகின்றன. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் தணிகின்றன. அறுபது வயதுப் பெரியவரைப் பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடித்தால் இது தெரியுமா?

இப்போது ஆக்சிடோசினைக் காதல் வாசனைத் தைலமென்று விற்கிறவர்களும் உண்டு. இது சீமை வசிய மை. ஜோடியாக வாழும் ஒருவகை அமெரிக்கப் புல்வெளி எலிகளில் ஆக்சிடோசின் வேலை செய்ய வேண்டிய ஏற்பியையே எடுத்துவிட்டும், அவை ஜோடி சேர்ந்தன என்று 2023ல் வெளியாயிற்று. அதுவரை நினைத்திருந்ததை ஆராய்ச்சிக்காரர்களே திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தைலக்காரன் மட்டும் திருத்திக்கொள்ளவில்லை.

தோழர்களில் யாருக்காவது, தாய்மார்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம். எழுந்து கேட்கக் கூச்சமாயிருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெயர் போட வேண்டியதில்லை.