வழியிலேயே சமாதானம்



நம் ஆண்டவர் இயேசு சிவில் வழக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். உடனே அடுத்த வசனத்தில் நம்மை நீதிமன்றத்துக்குப் போகும் சாலைக்கு அழைத்துச் செல்கிறார். எதிராளியோடு போகிற வழியிலேயே பேசி முடித்துக்கொள். நடுவர் முன் போய்விட்டால் கடைசிக் காசையும் கட்டாமல் வெளியே வரமாட்டாய் என்பது அவர் தரும் எச்சரிக்கை.

இதில் ‘வழி’ என்பதைக் கவனியுங்கள். வழி நடக்க நடக்கக் குறையும். சமாதானத்துக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. இன்று ஒரு வார்த்தையில் முடிவது, பத்து வாய்தாவுக்குப் பிறகு பத்து இலட்சத்திலும் முடியாமல் போகலாம். வழக்கில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டவர் யாரிடம் பேசுகிறார்? காசு கட்ட வேண்டியவரிடம். அப்படியானால் சமாதானப் பேச்சை முதலில் எடுக்க வேண்டியவர் கொடுக்க வேண்டியவர்தான். நாமோ தலைகீழாக நிற்கிறோம். ‘அவன்தானே வழக்குப் போட்டான், அவனே வரட்டும்’ என்கிறோம்.

நம் நாட்டுச் சட்டமும் இதே பாடத்தைச் சொல்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் 24ஆம் கட்டளை என்று ஒன்று உண்டு. ஒருவர் 5 இலட்சம் ரூபாய் கேட்டு வழக்குத் தொடுக்கிறார் என்று வையுங்கள். பிரதிவாதிக்கோ, தான் உண்மையில் தரவேண்டியது மூன்றரை இலட்சம் என்று தெரியும். அவர் அந்தத் தொகையை வழக்கின் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். அதற்கான அறிவிப்பு வாதியின் கைக்குக் கிடைத்த நாள்முதல் அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. வாதி அதை ஒரு பகுதியாக மட்டும் ஏற்றுக்கொண்டு, மீதிக்காக வழக்கை நடத்தலாம். ஆனால் கட்டிய தொகையே முழுக் கடன் என்று நீதிமன்றம் முடிவு செய்தால், பணம் கட்டிய பிறகு ஏற்பட்ட வழக்குச் செலவை வாதிதான் தரவேண்டும். நியாயமாகக் கொடுக்க வந்தவரைச் சட்டம் காக்கிறது. நியாயமானதைத் தள்ளிவிட்டவரிடம் அதற்கு விலை கேட்கிறது.

‘ஜெயித்தால் செலவெல்லாம் எதிர்க்கட்சி தலையில்தானே’ என்று சிலர் நினைக்கிறார்கள். தோற்றவர் செலவுத் தொகை தரவேண்டும் என்பது பொது வழக்கம்தான். ஆனால் அது விதிகளின்படி கணக்கிடப்படும் தொகை. நீங்கள் வக்கீலுக்குக் கொடுத்தது, போய்வந்த பேருந்துக் கட்டணம், இழந்த நாள்கூலி எல்லாம் அதில் திரும்பி வருவதில்லை. பொய் வழக்கு என்று நிரூபணமானால்கூட, வணிக வழக்குகள் நீங்கலாக, அதற்கென்று 35-அ பிரிவில் தரப்படும் இழப்பீட்டுக்கு 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. உறக்கமில்லாத இரவுகளுக்கும், அண்ணன் வீட்டுத் திருமணத்துக்குத் தம்பி போகாமல் நின்றதற்கும் எந்த நீதிமன்றம் செலவுத் தொகை தரும்?

வழியிலேயே முடித்துக்கொள்பவருக்குச் சட்டம் சலுகையும் தருகிறது. தமிழகத்தில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். 5 இலட்சத்துக்கு 15,000 ரூபாய். சமரச மையத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ வழக்கு முடிந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் அது கிடைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மக்கள் நீதிமன்றத்தின் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. அதாவது, சண்டை அங்கேயே முடிகிறது.

‘இறங்கிப் போனால் என்மேல் தப்பு என்று ஆகிவிடாதா?’ என்ற அச்சம் சிலருக்கு. சமரச மையத்தில் பேசுவது இரகசியமாகக் காக்கப்படும். பேச்சு முறிந்தாலும், நீங்கள் விட்டுக்கொடுக்க முன்வந்ததை வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. ஆகவே தடையாக நிற்பது சட்டம் அல்ல, நம் வீறாப்பு.

அன்பார்ந்தவர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சமாதானம் என்ற பெயரில் எளியவரின் வாயை அடைப்பது நற்செய்தி அல்ல. கைம்பெண்ணின் பங்கையும், தங்கையின் உரிமையையும், கூலியாளின் சம்பளத்தையும் பாதியாகக் குறைத்து ‘ஒத்துப்போ’ என்று சொல்பவர் சமாதானம் செய்பவர் அல்லர். அப்படிப்பட்டவர்கள் நீதிமன்றம் செல்வது பாவமும் அல்ல. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. தயங்காமல் போகச் சொல்லுங்கள். நாம் வைக்கும் சமாதானத் தொகை, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

கொரிந்து நகரக் கிறிஸ்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டபோது, தூய பவுல் அவர்களைக் கண்டித்தார். இருவருக்கும் நடுவே பேசி முடிக்க உங்களில் ஒரு ஞானியும் இல்லையா என்பது அவருடைய ஆதங்கம். நம் பங்கிலும், நம் அன்பியத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவர் நீங்களாகவே இருக்கலாம்.

வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் இந்த வாரம் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். உண்மையில் எனக்குச் சேரவேண்டியது எவ்வளவு, நான் கொடுக்கவேண்டியது எவ்வளவு? இதுவரை செலவழித்தது எவ்வளவு? எழுதி முடித்ததும் செபியுங்கள். பிறகு உங்கள் வக்கீலிடம், ‘ஐயா, பேசி முடிக்க வழி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது நீங்களும் உங்கள் எதிராளியும் ஒரே பேருந்து நிலையத்தில்தான் இறங்குவீர்கள். அங்கிருந்து நீதிமன்றத்துக்கு இன்னும் கொஞ்சம் வழி இருக்கிறது.

சமாதானத்தின் ஆண்டவர் அந்த வழியில் உங்களோடு நடப்பாராக. ஆமென்.