சிட்டுவும் சாம்பலனும்

(குற்றாலத்தில் நடந்த ஆதரவாளர் குடும்பக் கூடுகையில், ஓய்வு பெற்ற மருந்தாளுநரும் செவிலியருமான தம்பதியர் சேர்ந்து பேசியதன் எழுத்து வடிவம்)



சாரலில் நனைந்துகொண்டும், சிலர் ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடேயும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீண்ட உரை ஆற்றி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டோம். "ஓய்வு பெற்றபின் பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பூனைகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பூனைக்கு ஒரு பேச்சா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவர்கள்தான்.

எங்களில் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்தறையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர். மற்றவர் வார்டில் நர்ஸாக இருந்தவர். இதை இப்போதே சொல்லி வைக்கிறோம். பின்னால் இது வேண்டியிருக்கும்.

தென்காசியில் எங்களுடையது பழைய வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று அடிக்கத் தொடங்கினால் முன்கதவும் புறவாசல் கதவும் மாறி மாறி அறைந்துகொள்ளும். 2009ஆம் ஆண்டு ஆடியில் அப்படி ஒரு நாள், கதவிடுக்கில் நனைந்த துணி மாதிரி ஒன்று கிடந்தது. துணி இல்லை, சாம்பல் நிறக் குட்டி. இரண்டு நாள் வைத்திருந்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த இரண்டு நாள் பதினான்கு வருஷமாக நீண்டது. அவன்தான் சாம்பலன்.

2014இல் வந்தவள் சிட்டு. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் கலந்தவள். இப்படி மூன்று நிறம் உள்ள பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும். செம்பட்டைக்கும் கறுப்புக்கும் உரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். இரண்டு நிறமும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும் அல்லவா?

பூனை இருக்கும் வீட்டில் கடிகாரம் தேவையில்லை. காலை ஆறு மணிக்குச் சாம்பலன் எங்கள் கால்விரலைக் கடித்து எழுப்புவான். ஒன்பது மணிக்கு மீன்காரரின் ஹாரன் தெருமுனையில் கேட்கும் முன்பே சிட்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவாள். சாளைத் தலை இரண்டு அவளுக்குத் தனியாக வரும், அதற்கு அவர் காசு வாங்கியதே இல்லை. பூனைக்குப் பால் சோறு போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இருதயமும் கெட்டுப்போகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை, வயிறுதான் போகும். சாரல் நாட்களில் துணி காயாமல் பட்டாசலில் கொடி கட்டிப் போட்டிருப்போம். கொஞ்சம் உலர்ந்ததை மடித்து வைத்தால் அதன்மேல்தான் இருவரும் தூங்குவார்கள். பூனை மயிர் ஒட்டாத உடுப்பு எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது, ஆராதனைக்குப் போகும் உடுப்பு உட்பட.

இனி பொழுதுபோக்கு. எங்களில் நர்ஸ் அம்மாவுக்குக் குரோஷா பின்னல். நம் தென்பகுதிப் பெண்களுக்கு நூல் வேலை புதிதல்ல. மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அவருடைய மகளும் கால்டுவெல் ஐயரின் துணைவியாருமான எலைசா அம்மையார் 1844இல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்கள். அந்த லேஸ் நுட்பமானது, எங்கள் வீட்டுப் பின்னல் அதற்குக் கிட்டத்தில்கூட வராது. ஒரு மேசை விரிப்பைத் தொடங்கி, சிட்டு நூல் கண்டை உருட்டுவதும் நாங்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுவதுமாக மூன்று வருஷம் ஓடியது.

மருந்தறைக்காரருக்கு மழை அளப்பது. கேட்டால் பலருக்கு வேடிக்கையாக இருக்கும். பக்கம் நேராக உள்ள ஒரு டின்னை மொட்டை மாடியில் திறந்த வெளியில் வைத்து, காலையில் ஸ்கேல் விட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். மேற்கே மலை மறைந்திருந்ததா, காற்று எப்படி, பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதென்று யாராவது சொன்னார்களா என்பதும் அதில் இருக்கும். ஆனால் கணக்கு ஒருநாளும் சரியாக இராது. விடிவதற்குள் சிட்டு மாடிக்குப் போய் அந்த டின் தண்ணீரைத்தான் குடிப்பாள். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் வைத்திருந்தாலும் டின் தண்ணீர்தான் வேண்டும். நோட்டில் பல நாட்களுக்கு எதிரே "சிட்டு குடித்தது போக" என்று எழுதியிருக்கும்.

2017 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்டு சாப்பிடவில்லை. உடம்பு சுட்டது. கால்நடை மருந்தகம் திங்கட்கிழமைதான் திறக்கும். வீட்டில் காய்ச்சலுக்கு மாத்திரை இருந்தது, பாரசிட்டமால், 500 மில்லிகிராம். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் எத்தனை ஆயிரம் முறை எங்கள் கையால் கொடுத்த மாத்திரை! சின்ன உடம்புதானே, பாதி போதும் என்று நினைத்தோம். மாத்திரையை இரண்டாக உடைத்தது ஒருவர். வாயைத் திறந்து பிடித்தது மற்றவர்.

இரவு அவள் முகம் வீங்கியது. ஈறு பழுப்பு நிறமாக மாறியது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. விடிந்ததும் துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனோம். மருத்துவர் ஈறைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எதுவும் கொடுத்தீர்களா?" என்பதுதான். மத்தியானத்துக்குள் சிட்டு இறந்துபோனாள்.

அந்த மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நிதானமாக விளக்கினார். மனிதருடைய ஈரல் பாரசிட்டமாலை ஒரு நொதியின் உதவியால் மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. பூனையின் ஈரலில் அந்த நொதிக்கு வேலை செய்யும் திறன் மிகக் குறைவு. வெளியேற முடியாத மருந்து விஷமாக மாறிச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. கெட்ட இரத்தத்தால் பிராண வாயுவைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாவது அதனால்தான். மூன்றரைக் கிலோ பூனைக்கு நாங்கள் கொடுத்த அந்தப் பாதி மாத்திரையே உயிரை எடுக்கப் போதுமானது. கொடுத்த சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் அசெட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து செலுத்திப் பார்த்திருக்கலாம். அந்த மருந்தின் பெயரும் எங்களுக்குத் தெரியும். மனிதர்கள் பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் கொடுப்பதும் அதுவே. தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்திருக்கிறோம்.

ஆகவே இங்கே பூனை வளர்க்கிறவர்கள் இருந்தால் இதை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பாரசிட்டமால் கால் மாத்திரைகூடக் கூடாது, குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப்பும் கூடாது. நாய்க்கு உண்ணி போகத் தடவும் மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளதைப் பூனைமேல் தடவவும் கூடாது. மூன்று மாதம் ஆன குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வீட்டுப் பூனைதானே" என்று இருந்துவிடாதீர்கள்.

சிட்டுவைப் புறவாசலில் நந்தியாவட்டைச் செடியின் அடியில் புதைத்தோம். அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். எங்கள் இருவருக்குள் சண்டை வரவில்லை, ஒருவரையொருவர் குற்றம் சொல்லவும் இல்லை. பேச்சே இல்லாமல் போயிற்று. நூல் கண்டு கூடையிலேயே கிடந்தது. டின்னில் தண்ணீர் இப்போது குறையாமல் சரியான அளவில் இருந்தது, அதனாலேயே மருந்தறைக்காரரால் அதைப் போய்ப் பார்க்க முடியவில்லை. அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் நோட்டில் வெறும் தாள்தான். சாம்பலன் நாலைந்து நாள் அறை அறையாகப் போய்க் கத்தினான். பிறகு அவள் படுக்கும் துணியில் அவன் படுக்க ஆரம்பித்தான்.

வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது. மனிதர்கள் இறப்பதை எத்தனையோ முறை அருகில் நின்று பார்த்தவர்கள் பூனைக்கு அழலாமா? ஒருநாள் பக்கத்து வீட்டு ஆச்சி காப்பிச் செம்போடு வந்தார்கள். "ஏ பிள்ள, என்ன ரெண்டு பேரும் வீட்டப் பூட்டிப் போட்ட மாதிரி இருக்கிய?" என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னோம். "தெரியாமச் செஞ்சதுதான? எங்க செவலப் பசு செத்தப்ப நான் மூணு நாளு சோறு திங்கல. ஊரு சிரிச்சிது. சிரிக்கட்டும். பாலு குடிச்சது நான்தான, ஊரா குடிச்சிது?" என்றார்கள். அன்றுதான் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அழுதோம்.

வேதாகமத்தின் 66 புத்தகங்களில் பூனை என்ற சொல்லே கிடையாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கத்தோலிக்கச் சகோதரர்களின் வேதாகமத்தில் பாரூக்கோடு சேர்ந்த எரேமியாவின் கடிதத்தில் மட்டும் ஓரிடத்தில் வருகிறது, அதுவும் விக்கிரகத்தின்மேல் உட்காருகிற பிராணியாக! ஆனால் இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் நாத்தான் சொல்லும் ஏழை மனிதனின் ஆட்டுக்குட்டியை நினைத்துப் பாருங்கள். அது அவன் சாப்பாட்டில் பங்கு உண்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப் போல இருந்தது. அந்தக் குட்டி போனதைக் கேட்டுத் தாவீது ராஜா கோபத்தால் கொதித்தார். "ஆடுதானே" என்று சொல்லவில்லை. எகிப்தியர் வீட்டில் பூனை இறந்தால் வீட்டார் யாவரும் புருவத்தைச் சிரைத்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

1913இல் ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் ஆஸ்பத்திரி தொடங்கிய டாக்டர் ஆல்பர்ட் சுவைட்சர் ஒரு பூனை வைத்திருந்தார். அதன் பெயர் சிசி. அது இடது கையில் படுத்துத் தூங்கிவிட்டால் அதை எழுப்பாமல், இடது கைப் பழக்கம் உள்ள அவர் வலது கையால் எழுதுவார் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். வார்டு நிறைய நோயாளிகள் இருந்தும் அந்த மனிதர் பூனைக்காகக் கையை அசைக்காமல் இருந்திருக்கிறார். இதைப் படித்தபின் எங்கள் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

பொழுதுபோக்கு துக்கத்தை ஆற்றும் என்று சொல்லுகிறார்கள். எங்கள் அனுபவம் அப்படியல்ல. ஒரு மணி நேரத்தை நிரப்பும், அவ்வளவுதான். எங்களுக்கு அது சாயங்காலம் ஆறு மணி, சிட்டு சாப்பாட்டுக்குக் காலைச் சுற்றும் நேரம். அந்த நேரத்தில் இருவரும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் நூல் கூடை வெளியே வந்தது. அன்று பின்னியது நாலு வரிசைதான், அதிலும் இரண்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் மருந்தறைக்காரரும் மாடி ஏறினார். டின்னில் இலை விழுந்து கிடந்தது. கழுவி வைத்தார். மறுநாள் காலை மூன்று மில்லிமீட்டர். எழுதிவிட்டு வெகுநேரம் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

சாம்பலனின் முடிவு வேறு விதமானது. பதின்மூன்று வயதுக்குமேல் அவன் நிறையத் தண்ணீர் குடித்தான், மெலிந்துகொண்டே போனான். வயதான பூனைகளுக்குச் சாதாரணமாக வருகிற சிறுநீரக நோய் என்று மருத்துவர் சொன்னார். இந்த முறை அவரைக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தும் நாங்கள் கொடுக்கவில்லை. முள் எடுத்த மீனை மசித்து, தண்ணீர் கலந்து கொடுத்தோம். மீன்காரரும் அவனுக்கென்று மிருதுவான மீனாகப் பார்த்துக் கொண்டுவந்தார். ஒரு வருஷம் போல அவகாசம் கிடைத்தது. 2023 கார்த்திகையில் பட்டாசலில், மடித்த துணியின்மேலேயே கண் மூடினான். அழுதோம், ஆனால் அன்றைக்கு இரவு தூங்கவும் முடிந்தது.

இப்போது வீட்டில் பூனை இல்லை. இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு குட்டியை எடுத்தால் எங்களுக்குப் பின் அதை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். அந்த மேசை விரிப்பு 2018இல் முடிந்தது. இன்று இந்த மேசையில் விரித்திருப்பது அதுதான். கூட்டம் முடிந்ததும் சகோதரிகள் கிட்டே வந்து பார்க்கலாம். வலது மூலையில் சிட்டு பல் வைத்து இழுத்த இடம் பிரிந்து இருக்கும். அதை மட்டும் பின்னிச் சேர்க்கவில்லை, யாரும் ஊசி எடுத்துச் சரிசெய்துவிட வேண்டாம்.