எரிச்சல் என்றால் என்ன?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தங்கைமார் அடிக்கடி சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று பேசுகிறோம். வீட்டுவேலை கூடினால் 'இரிட்டேட்டிங்'. தம்பி கத்தினால் 'இரிட்டேட்டிங்'. சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தாலும் அதே சொல்தான்.

மன்னாரில் வளர்ந்த எங்களுக்கு இதற்குப் பல சொற்கள் இருந்தன. பிறர் எமக்குத் தருவது கரைச்சல். மீனில் மொய்க்கும் இலையான் அரியண்டம். அதில் அருவருப்பும் உண்டு. ஆக்கினை என்பது முதலில் கட்டளை, தண்டனை. செபப் புத்தகத்தில் அது நரக தண்டனை. குசினிக்குள் வந்ததும் சொல்வழி கேளாத பிள்ளையின் சேட்டை. எரிச்சல் மட்டும் எமக்கு உள்ளே நிகழ்வது.

ஆங்கிலத்திலும் இப்படித்தான். 'நியூசன்ஸ்' என்ற சொல்லின் வேர் 'தீங்கு'. 1862இல் இலங்கையில் வந்த நியூசன்ஸ் கட்டளைச் சட்டம் பொதுச் சுகாதாரத்துக்கானது. 'இரிட்டேட்' இலத்தீனிலிருந்து வந்தது; தூண்டுதல், சீண்டுதல் என்று பொருள். 1752இல் அல்பிரெக்ட் வொன் ஹாலர் என்ற மருத்துவர், தொட்டால் சுருங்கும் தசையின் இயல்பை இந்தச் சொல்லால்தான் விளக்கினார். அதாவது, சீண்டப்பட்ட உடல் தரும் மறுமொழி அது.

வைத்தியர்களாகிய எங்களுக்கு இது முக்கியம். "எரிச்சலாக் கிடக்கு டொக்டர்" என்று ஒரு தாய் சொன்னால், அது நெஞ்செரிப்பாக இருக்கலாம். சலம் போகும்போது எரிவதாக இருக்கலாம். நீரிழிவால் உள்ளங்கால் எரிவதாக இருக்கலாம். மனம் எரிவதாகவும் இருக்கலாம். தமிழ் தெரியாத வைத்தியரிடம் இன்னொருவர் மொழிபெயர்த்து 'இரிட்டேஷன்' என்று சொல்லிவிட்டால், நான்கும் ஒன்றாகிவிடும். எங்கே எரிகிறது, எப்போதிருந்து என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால்தான் வழி பிறக்கும்.

மன எரிச்சலும் வெறும் குணக்கேடு அல்ல. இரத்தத்தில் சீனி குறைந்தால் மனிதர் சினப்பார். தைரொயிட் கூடினாலும் அப்படியே. தலையில் அடிபட்டவர் திடீரென எரிந்து விழுந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். டெங்குக் காய்ச்சல் தணியும் நேரத்தில் பிள்ளை நிலைகொள்ளாமல் அந்தரப்பட்டால், அது அபாய அறிகுறி. பதின்ம வயதினரின் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வும் சிலரில் கோபமாகவே வெளிப்படும். "அவளுக்கு விசர்" என்று வீட்டார் ஒதுக்கிவிடுவது இத்தகைய தாய்மாரைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நாம் முதலில் பழக்கும் பாடம், "ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காதை" என்பது. அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள்தான் மார்பில் கட்டியோடு மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறார்கள். பேசாலையிலிருந்தோ முசலியிலிருந்தோ பஸ் ஏறி வந்து, கதிரையில் அமருமுன்னே, "உங்களுக்குக் கரைச்சல் தாறன், குறை நினையாதைங்கோ" என்கிறார்கள். நோயைச் சொல்வது கரைச்சல் அல்ல. எங்கள் வேலையே அதைக் கேட்பதுதான்.

தங்கைமாரே, 'இரிட்டேட்டிங்' என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, எது சீண்டுகிறது என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். பசியா, நித்திரைக் குறைவா, மாதவிடாய்க்கு முந்திய நாட்களா, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றா? இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் ஆசிரியரிடமோ எங்களிடமோ வாருங்கள். அக்காமாரே, வீட்டில் ஒரு பிள்ளை எரிந்து விழுந்தால், ஏசுவதற்கு முன் அதே கேள்வியை அவளிடம் மெதுவாகக் கேளுங்கள்.